ஓடத்திட்டுக்கு வைத்த வெற்றிலை

மணையில் உட்கார வேண்டிய மாப்பிள்ளை சமையல்கட்டுக்குள் வந்து நின்றால் எனக்கு எப்படி இருக்கும்? நான் செண்பகவல்லி. இருபது வருஷமாக நாணலாற்றுக் கரையில் எந்த விசேஷம் என்றாலும் என் கரண்டிதான். அன்றைக்கு என் சொந்த அண்ணன் திருஞானத்தின் மகள் இசைவாணிக்குக் கல்யாணம். வெளியே மூன்று நாளாக விடாத மழை. சிலிண்டர் ஒன்று மக்கர் பண்ணுகிறது, விறகு புகைகிறது, சாம்பார் இப்போதுதான் கொதிக்க ஆரம்பித்திருக்கிறது. இந்த நேரம் பார்த்து பட்டு வேட்டியும் கழுத்தில் மாலையுமாக முகிலரசன் வந்து நிற்கிறான்.

“காபி வேணும்னா சொல்லி அனுப்ப வேண்டியதுதானே மாப்பிள்ளை, நீங்களே வரணுமா?” என்றேன்.

“காபி இல்லைங்க அத்தை. மதகன் முடிவு எடுத்துருச்சு” என்றான்.

கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

மதகன் என்பது நாங்கள் வைத்த பெயர். ஆற்றின் இரண்டு கரையிலும் வெள்ளமதகு உண்டு. தண்ணீர் அபாயக் கோட்டைத் தாண்டினால் ஏதாவது ஒன்றைத் திறந்தே ஆக வேண்டும். திறக்காவிட்டால் கரை தானாக உடையும், கீழே இருக்கும் டவுனே போய்விடும். அந்தக் காலத்தில் எந்த மதகைத் திறப்பது என்று மனிதர்கள்தான் முடிவு செய்தார்கள். பெரிய இடத்துக்குப் போன் போடத் தெரிந்தவன் தப்பித்தான், தெரியாதவன் வீட்டில் தண்ணீர் இறங்கியது. இந்த அநியாயமே வேண்டாம் என்று சாவியை ஒரு யந்திரத்திடம் கொடுத்துவிட்டார்கள். அதற்கு ஜாதி தெரியாது, கட்சி தெரியாது. கொசு என்று நாங்கள் சொல்லும் குட்டிக் குட்டிப் பறக்கும் கேமராக்களை அனுப்பி, உடம்புச் சூட்டை வைத்துத் தலையை எண்ணும். எந்தக் கரையில் ஆள் குறைவோ அந்தப் பக்கம் திறக்கும். முகிலரசனுக்கு அதைப் பார்த்துக்கொள்ளும் ஆபீசில்தான் வேலை.

“எந்தப் பக்கம்?” என்றேன்.

“ஓடத்திட்டு.”

தென்கரையில் இருக்கும் எங்கள் ஊர் புங்கஞ்சேரி. வடகரை ஓடத்திட்டு. அப்பாடா என்று ஒரு பெருமூச்சு விட்டேன், பொய் சொல்லவில்லை. விட்ட பிறகுதான் உறைத்தது.

“அதெப்படி? அங்கதானே ஆளுங்க ஜாஸ்தி? நம்ம ஊரைவிட நூறு பேராவது கூட இருப்பாங்களே?”

அவன் கதவு வழியாகக் கூடத்தைப் பார்த்தான். இட்லிப் பந்தியில் இடம் பிடிக்கிற கூட்டம், ஓடிப் பிடித்து விளையாடும் பிள்ளைகள், நாலு மாவட்டத்திலிருந்து வந்த உறவு.

“இன்னிக்கு இல்லைங்க அத்தை. இன்னிக்கு நம்ம பக்கம் ஆயிரத்துக்கு மேல.”

“கல்யாணத்துக்கு வந்தவங்கனு அதுக்குத் தெரியாதா? கிறுக்கு மெஷின்!”

“அதுக்கு உயிர்னா உயிர்தான். சொந்த ஊரா, வந்த ஊரானு பார்க்காது. அதைத் தப்புன்னு சொல்லவும் முடியலையே.”

“ஒரு பட்டனைத் தட்டி நிறுத்துங்க.”

“பட்டன் கிடையாது. வச்சிருந்தா பழையபடி போன் வர ஆரம்பிச்சிடும்னுதான் வைக்கலை. மதியம் திறந்துடும். விடியறதுக்கு முன்னாடியே ஓடத்திட்டுல எல்லார் போனுக்கும் சேதி போயிடுச்சு, புயல் கட்டடத்துக்கு வந்துடுங்கனு. இதுவரைக்கும் ஒரு ஆள் நகரலை. ஏன்னு எனக்குப் புரியவே இல்லை அத்தை.”

அவன் தஞ்சாவூர்ப் பையன், அவனுக்கு எப்படிப் புரியும்? எனக்குப் புரிந்தது. சுற்றுவட்டாரத்தில் மேட்டில் இருக்கும் ஒரே கட்டடம் இந்தப் புயல் பாதுகாப்புக் கட்டடம். புயல் இல்லாத நாளில் இதுதான் எங்கள் ஊருக்குக் கல்யாண மண்டபம். வாசலில் வாழைமரம் கட்டி, பந்தல் போட்டு, நாதஸ்வரம் வாசித்துக்கொண்டிருக்கிறோம். ஓடத்திட்டில் ஒரு வீட்டுக்குக்கூட வெற்றிலை வைக்கவில்லை. அழைக்காத கல்யாண வீட்டுக்குள் ஈரத் துணியும் மூட்டையுமாகப் போய் நிற்பதைவிட அவர்கள் தண்ணீரிலேயே நிற்பார்கள். நாங்களாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்போம்.

ஏன் அழைக்கவில்லை என்றால், அது பதினோரு வருஷக் கதை. என் அக்கா பவளக்கொடியை ஓடத்திட்டுத் தனக்கோடிக்குத்தான் கொடுத்திருக்கிறது. கோயில் திருவிழாவுக்கு எங்கள் ஊரிலிருந்து தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்துக்கொண்டு போய் அவர்களை அழைக்க வேண்டும். முதல் வாசல் தனக்கோடி அத்தான் வாசல், பிறகுதான் மற்ற வீடு. அந்த வருஷம் நாட்டாண்மை என் அண்ணன் கையில். மழையாக இருக்கிறதே என்று சோம்பல்பட்டு, அழைப்பைப் போனில் அடித்து எல்லோருக்கும் அனுப்பிவிட்டான். “போன்ல கூப்பிட்டா போன்லயே வந்துக்கறோம்” என்று பதில் வந்தது. அன்றோடு போக்குவரத்து நின்றது. நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. அண்ணனுக்குத் தெரியாமல் நான் மட்டும் அக்காவோடு போனில் பேசுவேன்.

இப்போதும் போட்டேன்.

“அக்கா, கிளம்பி வா. தண்ணி வரப் போவுது.”

“எப்படிடீ வர்றது? இவரு வாசல்ல நாற்காலியைப் போட்டு உக்காந்திருக்காரு. இவரு நகந்தாத்தான் ஊரு நகரும்.”

“நீயாவது வாயேன்.”

“கட்டின மனுசனைத் தண்ணில விட்டுட்டா?” என்றாள். “வாணி என்ன கலர் பொடவைடீ கட்டியிருக்கா?”

கீழே வைத்த கரண்டியை எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குள் போனேன்.

சேதி அதற்குள் பரவியிருந்தது. மணமேடை ஓரத்தில் அண்ணன் கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தான். அவனைச் சுற்றி நாலு பெரியவர்கள். “கூட்டம் வந்ததால நம்ம ஊரு தப்பிச்சுது. எல்லாம் கடவுள் செயல்” என்று ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

“கடவுள் செயலா?” என்று நான் போட்ட சத்தத்தில் நாதஸ்வரக்காரர் வாசிப்பை நிறுத்திவிட்டார். “இங்க உக்காந்திருக்கற உங்க தலையை எண்ணித்தான் அங்க இருக்கறவன் தலையில தண்ணியைத் திறக்குது அந்த மெஷின். இட்லி தொண்டையில இறங்குதா உங்களுக்கு? அண்ணே, எழுந்திரு. தாம்பாளத்தை எடு.”

“நானா? அவன் வாசலுக்கா?” என்றான் அண்ணன். “நீ வேணா போ. நான் குறுக்க நிக்கலை.”

அப்போது இசைவாணி பேசினாள். மணப்பெண் பேசுவாள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

“அப்பா, பெரியத்தை அங்க தண்ணில நிக்கறப்போ எனக்குத் தாலி ஏற வேணாம். அவங்க வரட்டும், அப்பறம் பார்த்துக்கலாம்.”

“அய்யோ, முகூர்த்தம் தப்பிடுமே!” என்று அண்ணி அழ ஆரம்பித்தாள்.

கல்யாணம் நடத்தி வைக்க வந்த பெரியவர் பஞ்சாங்கத்தை மூடினார். “மத்தியானம் ஒரு நல்ல நேரம் இருக்கும்மா. இல்லாட்டி நான் உண்டாக்கறேன். முதல்ல ஆளுங்களைக் கொண்டாங்க” என்றார். அந்த மனுஷன் வாயில் சர்க்கரையைக் கொட்டலாம் போல இருந்தது.

அவ்வளவுதான், மண்டபமே எழுந்துவிட்டது. ஒரு ஊர் முழுக்க அழைப்பதற்குத் தாம்பாளத்துக்கு எங்கே போவது? என் அண்டா மூடி, சாம்பார் வாளி மூடி, அப்பளம் வைத்த தட்டு எல்லாம் தாம்பாளமானது. பந்திக்கு வைத்திருந்த பீடா வெற்றிலை, ஆரத்திக்கு வைத்த மஞ்சள், வாசல் வாழைத்தாரில் இருந்த பழம் எதையும் விட்டுவைக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார், வந்த விருந்தாளிகள், போட்டோ எடுக்க வந்த பையன்கள், எல்லோர் கையிலும் ஒரு தட்டு. “என்ன சொல்லணும்?” என்று தஞ்சாவூர்ப் பெண்கள் கேட்டார்கள். “குடும்பத்தோட வந்து நடத்திக் கொடுக்கணும்னு சொல்லுங்க. சிரிச்ச முகமா சொல்லுங்க. தண்ணியைப் பத்தி ஒரு வார்த்தை பேசக் கூடாது” என்றேன்.

பாலத்துக்குக் கீழே நாணலாறு கலங்கலாகச் சுழித்துக்கொண்டு ஓடியது. மாலைக்கு மேல் சாக்குப் பையைப் போர்த்திக்கொண்டு முகிலரசன் முன்னால் நடந்தான். தலைக்கு மேல் கொசுக்கள் எங்களை எண்ணிக்கொண்டே கூட வந்தன.

“இத்தனை பேரும் அந்தக் கரைக்குப் போனா கணக்கு மாறிடாதா?” என்று கேட்டேன்.

“மாறும். ஆனா திறக்கற நிமிஷத்துல யார் எங்க இருக்காங்களோ அதான் கணக்கு. அதுக்குள்ள எல்லாரும் திரும்பிடணும். ஆளே இல்லாத கரைன்னு ஒண்ணு இருந்தா, அதுக்கு யோசிக்கவே வேலை இல்லை.”

ஓடத்திட்டில் எல்லா வீட்டு வாசலிலும் ஆட்கள் நின்றுகொண்டுதான் இருந்தார்கள். எங்களைப் பார்த்தார்கள், தட்டைப் பார்த்தார்கள், சிரித்தார்கள். ஒருவரும் கையை நீட்டவில்லை. “மொத வாசல் ஆகட்டும்” என்றார்கள். அடுத்த வீட்டிலும் அதே பேச்சுத்தான்.

முதல் வாசலில் தனக்கோடி அத்தான் பிளாஸ்டிக் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கணுக்கால்வரை மழைத் தண்ணீர். கதவுக்குப் பின்னால் அக்காவின் பாதி முகம் தெரிந்தது. நான் அண்டா மூடியை நீட்டினேன்.

“வா செண்பகம். நல்லா இருக்கியா?” என்றார் அத்தான். “நீ வச்சா எப்படிம்மா? பொண்ணைப் பெத்தவன் எங்க?”

முகிலரசன் போனைப் பார்த்தான். திரையில் ஓடத்திட்டு முழுக்க, தலைக்கு ஒன்றாகப் பச்சைப் புள்ளிகள். நேரம் ஓடிக்கொண்டிருந்தது. இந்தப் பிடிவாதம் பிடித்த மனுஷனை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய்விடலாமா என்றுகூட யோசித்தேன். தூக்கியிருப்பேன், ஆனால் ஊர் நகராதே.

அப்போது பின்னாலிருந்து கூட்டம் விலகியது. அண்ணன் வந்தான். குடை இல்லை, செருப்பு இல்லை. பட்டு வேட்டி முழங்கால்வரை சேறு. எங்கள் அம்மாவின் பித்தளைத் தாம்பாளம் அவன் கையில் இருந்தது. வெற்றிலை நனையாமல் இருக்க மேல்துண்டால் மூடிக்கொண்டு வந்திருந்தான்.

“மாப்பிள்ளை” என்றான்.

“ம்.”

“எம் பொண்ணுக்குக் கல்யாணம்.”

“அப்படியா? எனக்குத் தெரியாதே. போன்ல ஒண்ணும் வரலையே” என்றார் அத்தான்.

சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அண்ணன் முகம் கறுத்துச் சிவந்தது. திரும்பிப் போய்விடுவானோ என்று பயந்தேன். அவன் போகவில்லை.

“அன்னிக்கு நான் செஞ்சது தப்பு மாப்பிள்ளை. அதைச் சொல்ல இத்தனை வருசமா நாக்கு எழும்பலை. இன்னிக்கும் தண்ணி வரலைன்னா வந்திருக்க மாட்டேன், அதுவும் நெசம். ஆனா பாலத்துல நடந்து வர்றப்போ பவளத்தோட முகந்தான் கண்ணுல நின்னுது, வேற ஒண்ணும் தெரியலை. நீங்கதான் குடும்பத்தோட வந்து கல்யாணத்தை நடத்திக் கொடுக்கணும்.”

அத்தான் எழுந்தார். தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். இரண்டு கையாலும் தாம்பாளத்தை வாங்கிக்கொண்டார்.

“கை நடுங்குது மச்சான் உங்களுக்கு.”

“குளிரு.”

“எனக்கும் குளிருதான்” என்றார் அத்தான். இரண்டு கிழவன்களும் மழையில் நின்று அழுததை இரண்டு ஊரும் பார்த்தது. அக்கா ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டதில் அண்டா மூடி தண்ணீரில் விழுந்து மிதந்தது.

முதல் வாசல் ஆனது. அதற்குப் பிறகு தெருவில் ஒரே சத்தம். ஒவ்வொரு வாசலிலும் கைகள் நீண்டன. வெற்றிலை போதாமல் பாதிப் பாதியாகக் கிழித்து வைத்தோம். வீட்டுக்கு வீடு சிரிப்பும் கூப்பாடும். கிளம்ப வேண்டியதுதானே என்று பார்த்தால் அத்தான் கையை உயர்த்தினார்.

“இத்தனை வருசம் கழிச்சுப் பொண்ணு வீட்டுக்குப் போறோம். வெறுங்கையோட போவலாமா? சீர் எடுங்க!”

“அய்யோ, சீரெல்லாம் வேணாம் மாமா, நேரம் இல்லை!” என்று முகிலரசன் பதறினான்.

அவன் கையைப் பிடித்துக் கிள்ளினேன். “பேசாம இருங்க மாப்பிள்ளை. எதை எடுக்கறாங்கனு பாருங்க.”

விதைநெல் மூட்டை எடுத்தார்கள், அது சீர். ஆடு, மாடு, கோழிக்கூடை எல்லாம் சீர். தையல் மிஷின், பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பை, கட்டிலோடு தூக்கிய நடக்க முடியாத பாட்டன், இறந்துபோன மகனின் படம், எல்லாவற்றின் மேலும் ஒரு பூவைக் கிள்ளிப் போட்டுச் சீராக்கிவிட்டார்கள். டிராக்டரில் ஏற்றியது பாதி, தலையில் சுமந்தது பாதி. நாங்கள் அழைக்கப் போனவர்கள் ஆளுக்கு ஒரு மூட்டையைப் பிடுங்கிக்கொண்டோம். பாலத்தின் இந்த முனையில் நாதஸ்வரமும் தவிலும் வந்து நின்றன. தண்ணீருக்குப் பயந்து ஓடி வந்தவர்கள் என்று அந்தக் கூட்டத்தில் ஒருத்தரையும் காட்ட முடியாது. எல்லோரும் கல்யாணத்துக்கு வந்தவர்கள். தலை நிமிர்ந்து, மேளத்துக்கு ஏற்றாற்போல் நடந்து வந்தார்கள்.

அண்ணி ஆரத்தியோடு வாசலில் நின்றாள். எத்தனை பேருக்குத்தான் சுற்றுவாள், பாவம்! முகிலரசன் போனைக் காட்டினான். வடகரையில் ஒரு புள்ளிகூட இல்லை.

கொஞ்ச நேரத்தில் மதகுப் பக்கம் இடி இடித்தது போலச் சத்தம் கேட்டது. மொட்டை மாடிக்குப் போய்ப் பார்த்தோம். பழுப்பு நிறத்தில் தண்ணீர் ஓடத்திட்டுக்குள் இறங்கியது. தெருவில் ஓடி, வாசல்களைத் தொட்டு, ஜன்னல்வரை ஏறியது. அக்கா தன் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு ஊரும் அழுதது. எங்கள் வீட்டில் ஏறியிருக்க வேண்டிய தண்ணீர் அது என்பது எங்கள் ஒவ்வொருவருக்கும் தெரியும்.

தனக்கோடி அத்தான் தொண்டையைக் கனைத்தார்.

“என்ன செண்பகம், அழைச்சிட்டு வந்து நிக்க வச்சிருக்கீங்க? பந்தி எப்போ?”

முதலில் யார் சிரித்தது என்று தெரியவில்லை. பிறகு எல்லோரும் சிரித்தோம்.

தாலி கட்டியது உண்டாக்கின நல்ல நேரத்தில். அதற்குப் பிறகு என் பாடு ஆரம்பம். ஓடத்திட்டுப் பெண்கள் சீர் அரிசியையும் கத்திரிக்காயையும் சமையல்கட்டில் கொட்டிவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். சாம்பாரில் தண்ணீர் ஊற்றினேனா என்று பிற்பாடு பலபேர் கேட்டார்கள். ஊரெல்லாம் தண்ணீர் நிற்கும்போது என் அண்டாவில் மட்டும் எப்படி இல்லாமல் போகும்? ஊற்றினேன். ஒருத்தரும் முகம் சுளிக்கவில்லை, ரசத்தை இரண்டாம் முறை கேட்டார்கள்.

தண்ணீர் வடிய பத்துப் பதினைந்து நாள் ஆனது. அதுவரை ஓடத்திட்டு எங்கள் வீடுகளில்தான் இருந்தது. வடிந்த பிறகு சேறு அள்ள இரண்டு ஊரும் இறங்கியது. அடித்துப்போன சுவர்களைச் சேர்ந்து எழுப்பினோம். நிவாரணத்தில் வந்ததையும் எங்கள் உழைப்பையும் சேர்த்து அவர்கள் பக்கத்திலும் மேடு தட்டி ஒரு கூடம் கட்டினோம். அந்த வருஷ விதைநெல் இரண்டு கரைக்கும் அந்தச் சீர் மூட்டையிலிருந்துதான் போனது.

மறு வருஷம் ஐப்பசி. அதே மழை. இந்தத் தடவை எங்கள் ஊரில் கல்யாணம் இல்லை, கூட்டமும் இல்லை. எந்தப் பக்கம் தலை குறைவு என்பதற்குக் கணக்குப் போடவே தேவையில்லை. ஆற்றில் தண்ணீர் ஏறிக்கொண்டே வந்தது. எங்கள் போன்களில் ஒரு சேதியும் வரவில்லை.

வளைகாப்பு முடிந்து மகளைத் தலைப்பிரசவத்துக்கு அழைத்துவரும் நாளை எதிர்பார்த்துக்கொண்டிருந்த அண்ணன், முகிலரசனுக்குப் போன் போட்டான். நான் பிடுங்கிக்கொண்டேன். “என்ன மாப்பிள்ளை, உங்க மதகன் தூங்குதா? இல்ல, போன வருசம் தப்பிச்சோம்னு எங்க மேல கோவமா?”

“சேதி எப்பவோ போயிடுச்சு அத்தை” என்றான். அவன் குரலில் ஒரு சிரிப்பு இருந்தது. “உங்களுக்கு இல்லை.”

“பின்ன யாருக்கு?”

அவன் பதில் சொல்வதற்குள் தெருக்கோடியில் நாதஸ்வரம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். கொட்டுகிற மழையில் ஓடத்திட்டு மொத்தமும் வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு கையிலும் தட்டு. முன்னால் தனக்கோடி அத்தான், எங்கள் அம்மாவின் பித்தளைத் தாம்பாளத்தோடு.

அத்தான் தன் போனை என்னிடம் நீட்டினார். மதகனின் சேதி இரண்டே வரி. “புங்கஞ்சேரிக்குத் தண்ணீர் திறக்க வேண்டியிருக்கிறது. ஓடத்திட்டார் நேரில் போய், வீட்டுக்கு வீடு வெற்றிலை வைத்து அழைத்து வரவும்.”

“நாங்க யாரும் சொல்லிக் கொடுக்கலை அத்தை” என்று போனுக்குள் முகிலரசன் சொல்லிக்கொண்டிருந்தான். “போன வருசம் நாங்க அனுப்பின சேதிக்கு ஒரு புள்ளி அசையலை. ஒரு மனுசன் நடந்து போய் வாசல்ல நின்னதும் எல்லாப் புள்ளியும் கிளம்பிச்சு. அதை வருசம் பூரா திரும்பத் திரும்பப் பார்த்திருக்கு. யாருக்குச் சொல்லணும்கறதை அதுவே கத்துக்கிச்சு.”

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் என் வாய் சும்மா இருக்குமா? “மெஷின் சொல்லிச்சுன்னு வந்தீங்களா அத்தான்? என்ன விசேஷம்னு சொல்லாம நாங்க எப்படி வர்றது?”

“வாணிக்கு எங்க வீட்டுல வளைகாப்பு” என்றார் அத்தான். “வெள்ளிக்கிழமைதான் வச்சிருந்தோம். இன்னிக்கே நாள் நல்லா இருக்காம், அந்தப் பெரியவர் உண்டாக்கிட்டாரு. பொண்ணு நேத்தே வந்து அங்க உக்காந்திருக்கா. குடும்பத்தோட வந்து நடத்திக் கொடுக்கணும்.”

அண்ணன் இரண்டு கையாலும் தாம்பாளத்தை வாங்கிக்கொண்டான். விதைநெல் மூட்டையின் மேல் வைக்க அண்ணி பூவைக் கிள்ள ஆரம்பித்தாள். நான் உள்ளே போய் என் பெரிய கரண்டியை எடுத்துக்கொண்டு வந்தேன்.

“எத்தனை பேருக்குச் சமையல்?” என்றேன்.

“ரெண்டு ஊருக்கும்” என்றார் அத்தான்.